நம்புகிறவர் சோதிக்கலாமா?

ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், அந்தச் சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை எவ்வளவு மெல்லிய உறுப்புகள் என்பது தெரியும். கவட்டைக் கம்பைப் போல இரண்டாகப் பிரியும் கைகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. பிரிந்த இரு முனைகளும் ரப்பர் புஷ் வழியாக வண்டியின் சட்டத்தில் பொருந்துகின்றன. சேர்ந்த முனை பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கிறது. விஷ்போன் என்று சொல்லப்படும் இந்தக் கை பல வண்டிகளில் ஒரே துண்டாக வார்த்ததோ அடித்ததோ அல்ல. குழாய்களையும் தகடுகளையும் வெட்டி வெல்டிங் வைத்துச் சேர்த்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட எலீஸ் காரில் அலுமினியச் சட்டத்தை வெல்டிங் இல்லாமல் எபாக்ஸி பசையால் ஒட்டினார்கள். அந்த வண்டியிலும் சக்கரங்களைத் தாங்கும் கைகள் வெல்டிங் வைத்த இரும்புதான். எடை குறைய வேண்டும் என்பதற்காகத் தடிமனையும் குறைத்திருப்பதால், விரல் நீள வெல்டிங் ஒன்று விட்டுப்போனாலும் சக்கரம் தன் திசையை இழக்கும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள், வண்டி புதியதே ஆனாலும், அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு வெல்டிங்காகப் பார்க்கிறார்கள்.

இதைப் பார்த்து ஒருவர் கேட்கலாம்: செய்தவர்கள் சோதித்துத்தானே அனுப்பியிருப்பார்கள்? அவர்களை நம்பிப் பணம் கொடுத்து வாங்கிய பிறகு மறுபடியும் சோதிப்பது நம்பிக்கைக் குறைவு இல்லையா? கேள்வி காரைப் பற்றியது போலத் தோன்றினாலும் அதன் வயது காரின் வயதைவிட மிக அதிகம். குருவின் சொல்லை, மறையின் சொல்லை, முன்னோர் சொல்லை ஏற்றுக்கொண்டவர் அதைச் சோதித்துப் பார்க்கலாமா, பார்த்த பிறகு அவருடைய நம்பிக்கை நம்பிக்கையாக நிற்குமா என்று எல்லாச் சமயங்களுக்குள்ளும் கேட்டிருக்கிறார்கள். ஆராய்வது பக்திக்கு இழுக்கு என்பார் ஒரு சாரார். ஆராயாத பக்தி மூடத்தனம் என்பார் இன்னொரு சாரார். இரண்டு தரப்பாரும் அறியாமலே ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: சோதனை ஏறினால் நம்பிக்கை இறங்கும், நம்பிக்கை ஏறினால் சோதனை இறங்கும் என்று இருவருமே எண்ணுகிறார்கள். அந்த எண்ணமே பிழை என்பது என் வாதம். நம்பிக்கை எங்கே நிலைத்து நிற்கிறதோ அங்கே யாரோ ஒருவர் உண்மையில் கண்டிருக்கிறார். அவர் கண்டதன்மேல்தான் மற்றவர்கள் நிற்கிறார்கள். எவரும் பார்க்காமல் எல்லோரும் நம்பும்போது நம்பிக்கை பெருகுவதில்லை. அதற்கு உள்ளடக்கமே இல்லாமல் போகிறது.

வெல்டிங்கைக் கொண்டு இதை விளக்கலாம். வெளித்தோற்றமும் உள்நிலையும் அங்கே அடிக்கடி வேறுபடும். இரண்டு இரும்புத் துண்டுகளின் விளிம்புகள் உருகி, ஒன்றோடொன்று கலந்து ஆறினால்தான் அது இணைப்பு. சூடு போதாமல் போனாலோ, கை வேகமாக நகர்ந்தாலோ, துருவும் எண்ணெயும் துடைக்கப்படாமல் இருந்தாலோ, உருகிய உலோகம் அடுத்த துண்டின்மேல் வெறுமனே படிந்து ஆறிவிடும். மேலே மீன் செதில் அடுக்கியது போன்ற ஒழுங்கான வரி இருக்கும், உள்ளே பற்றியிருக்காது. சில இடங்களில் வாயுக் குமிழ்கள் சிக்கித் துளைகளாக நிற்கும். சில இடங்களில் வெல்டிங்கின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். இவை முதல் நாளே முறிந்துவிட்டால் நல்லது. முறிவதில்லை என்பதுதான் ஆபத்து. சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கை சற்றே வளைந்து மீள்கிறது. ஒருமுறை வந்தால் ஒன்றும் செய்யாத பளு லட்சக்கணக்கான முறை வரும்போது, குறை இருக்கும் இடத்தில் விரிசல் பிறந்து மெல்ல வளர்கிறது. உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர். 1842 மே 8ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் ஐரோப்பா இதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியது. பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்து, இந்தச் சோர்வுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். அந்த ஒழுங்கு சிந்தனைக்கும் ஒரு பாடம். இத்தனை நாள் தாங்கியதே, இனியும் தாங்கும் என்ற பேச்சு இங்கே செல்லாது. நேற்று ஓடிய ஓட்டம் நாளைய முறிவின் ஒரு பகுதி.

எதை எப்படி அறிகிறோம் என்ற கேள்வியைத் தமிழ்ச் சிந்தனை மரபு அளவை என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கும்போது முதலில் பேசுபவன் அளவைவாதி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் பகுதியில் முதலில் எடுத்துக்கொள்வது அளவையைத்தான். பலர் பலவாக எண்ணிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அந்நூல் அடக்குகிறது. இறைவனைப் பற்றிப் பேச வந்த நூல், அறியும் வழி எது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது தற்செயல் அல்ல. காரின் அடியில் படுத்திருப்பவர் கையாள்வதும் இதே மூன்றைத்தான். சேற்றைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது காட்சி. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போலத் துருக்கோடு ஓடினால் அதன் அடியில் விரிசல் இருக்கும் என்று எண்ணுவது கருதல். மலைமேல் புகை கண்டு நெருப்பை அறிவது போல. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, அது உள்ளே ஊறும் வரை காத்திருந்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிக்கிறார்கள். விரிசல் இருந்தால் ஒளிந்திருந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். அதுவும் கருதல்தான். மூன்றாவது, தொழிற்சாலை தந்த சான்றிதழ். அது உரை.

இந்த மூன்றாவது அளவையில்தான் நம் கேள்வியின் உயிர் இருக்கிறது. வாழ்வில் நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி உரையால் வந்தது. பிறந்த தேதியைக்கூட மற்றவர் சொல்லித்தான் அறிகிறோம். ஆகவே உரையை ஒதுக்கிவிட்டு வாழ முடியாது. ஒதுக்கச் சொல்பவர் தாம் பேசும் மொழியையே உரையால்தான் கற்றார். ஆனால் எவருடைய உரை அளவை ஆகும்? நியாய தரிசனம் இதற்குத் தெளிவான விடை சொல்கிறது. ஆப்தனின் சொல் மட்டுமே அளவை. ஆப்தன் என்பவன் பொருளை நேரே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். இந்த இரண்டு நிபந்தனைகளில் முதலாவதை நாம் மறந்துவிடுகிறோம். நல்லவர், பெரியவர், பெயர் பெற்ற நிறுவனம் என்பதெல்லாம் இரண்டாவது நிபந்தனைக்கு வேண்டுமானால் உதவும். அவர் பார்த்தாரா என்பது வேறு கேள்வி. பார்க்காமல் கையெழுத்திட்ட சோதனையாளர் எவ்வளவு நல்ல மனிதரானாலும் அந்தத் தாளைப் பொறுத்தவரை ஆப்தன் ஆகார். அவர் தமக்கு முன்னால் இருந்தவரை நம்பினார். அவர் வெல்டரை நம்பினார். வெல்டர் தமக்குப் பின்னால் ஒருவர் பார்ப்பார் என்று நம்பினார். நம்பிக்கை வட்டமாகச் சுற்றுகிறது; வட்டத்தில் எங்குமே காட்சி இல்லை.

இப்படி ஒரு வட்டம் சுற்றியதன் விளைவை வடகடல் கண்டிருக்கிறது. 1980 மார்ச் 27ஆம் தேதி மாலை, நார்வேயின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் தொழிலாளர்கள் தங்கும் மிதவை மேடையாக இருந்த அலெக்சாண்டர் கீலண்ட் புயலில் கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். விசாரணையில், மேடையின் கால்களை இணைத்த குழாய்களில் ஒன்று சோர்வினால் முறிந்திருந்தது தெரிந்தது. விரிசல் தொடங்கிய இடம், நீரொலி உணரும் கருவி ஒன்றைத் தாங்குவதற்காக அந்தக் குழாயில் வைத்திருந்த 6 மில்லிமீட்டர் வெல்டிங். மேடையின் பளுவை அந்தச் சிறு தாங்கி சுமக்கவில்லை. ஆகவே யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. முறிந்த பரப்பில் வண்ணப்பூச்சின் தடயமும் கிடைத்தது. அதாவது, கட்டும் தளத்திலேயே விரிசல் இருந்திருக்கிறது. அதன்மேல் பூசிய வண்ணம் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த மேடைக்கும் சான்றிதழ்கள் இருந்தன. அதில் ஏறிப் படுத்து உறங்கிய ஒவ்வொருவரும் நம்பினார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் குறை இல்லை; அந்த ஒரு வெல்டிங்கை எவரும் உரியபடி பார்க்கவில்லை என்பதுதான் குறை.

சமய நம்பிக்கைக்கும் இது பொருந்துமா என்று கேட்கலாம். காணாமல் நம்புவதுதானே அங்கே சிறப்பு என்பார்கள். கிறிஸ்தவ மரபில் இதற்கு மேற்கோள் காட்டப்படுபவர், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்று மரபு கூறும் தோமா. உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்ப மாட்டேன் என்றவர் அவர். சந்தேகத் தோமா என்று உலகம் அவரைக் குறை சொல்கிறது. யோவான் நற்செய்தியை ஊன்றிப் படித்தால், தொட்டுப் பார் என்று அவருக்குக் காயம் நீட்டப்படுவதைக் காணலாம், கேட்டது மறுக்கப்படவில்லை. காணாமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்ற கருத்து அதன் பிறகே வருகிறது. அப்படிக் காணாமல் நம்புகிறவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள்? கண்டவர்களின் உரையின்மேல் நிற்கிறார்கள். தோமா கேட்காமல் இருந்திருந்தால் பின்வந்தவர்களுக்கு அந்தச் சாட்சி கிடைத்திருக்காது. பௌத்த மரபு இதைவிடவும் நேராகப் பேசுகிறது. தட்டான் பொன்னைக் காய்ச்சி, அறுத்து, உரைகல்லில் உரைத்துப் பார்த்து ஏற்பது போல என் சொல்லைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள், என்மேல் உள்ள மரியாதைக்காக ஏற்காதீர்கள் என்று புத்தர் சொன்னதாக ஒரு கருத்தைச் சாந்தரட்சிதரின் தத்துவ சங்கிரகம் பதிவு செய்திருக்கிறது. போதனையை ஏற்பதற்கு உலோகச் சோதனையையே உவமையாக்கிய மரபு அது.

சோதிக்காமல் நம்புவது வெறும் அறிவுப் பிழையா, அறப் பிழையா? ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் வெளியிட்ட நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரையில் இந்தக் கேள்வியை ஒரு கப்பல் முதலாளியை வைத்து ஆராய்ந்தார். 1870இல் சூரிய கிரகணம் காணப் போன பயணத்தில் சிசிலிக் கரையருகே கப்பல் விபத்தில் சிக்கி உயிர் தப்பியவர் அவர். அவர் காட்டும் முதலாளியின் கப்பல் பழையது; பலமுறை பழுது பார்த்தது. குடும்பம் குடும்பமாகப் புலம்பெயரும் மக்களை ஏற்றி அனுப்பும் முன் முதலாளிக்கு ஐயம் எழுகிறது. இத்தனை பயணம் போய்வந்ததே, கடவுள் இவர்களைக் காப்பார், கட்டியவர்களைச் சந்தேகிப்பது நல்ல குணமா என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு மனமார நம்பி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார். ஆனாலும் அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட், ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அணுவளவும் குறையாது என்றும் சொல்கிறார். இந்த இரண்டாவது பகுதிதான் நம் வழக்கத்தை அசைக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே என்பதை நாம் மன்னிப்பாக எடுத்துக்கொள்கிறோம். அது மன்னிப்பு அல்ல, அதிர்ஷ்டம்.

அந்த முதலாளியின் இடத்தில் வாகனம் செய்பவரை வைத்துப் பாருங்கள். 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில், பயிற்சி ஓட்டத்தின்போது மைக் டெய்லர் ஓட்டிய லோட்டஸ் 18 காரின் ஸ்டீயரிங் தண்டில் இருந்த வெல்டிங் விட்டுப்போனது. வண்டி தடத்தை விட்டுப் பாய்ந்து மரங்களில் மோதியது. பலத்த காயத்தோடு உயிர் தப்பிய அவருடைய பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. பின்னர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார். பந்தயம் ஓட்டுகிறவர் ஆபத்தைத் தெரிந்துதானே ஏறுகிறார் என்று சொல்லலாம். வளைவின் ஆபத்தை, வேகத்தின் ஆபத்தை, தம் கைத்தவறின் ஆபத்தை அவர் தெரிந்து ஏற்றார். பற்றாத வெல்டிங்கை அவர் ஏற்கவில்லை. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒருவர் துணிந்து ஏற்ற ஆபத்துக்கும், இன்னொருவர் பார்க்காமல் விட்டதால் அவர்மேல் விழுந்த ஆபத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அறத்தின் எல்லைக்கோடு. சாதாரணச் சாலையில் இந்தக் கோடு இன்னும் அழுத்தமானது. பக்கத்து இருக்கையில் இருக்கும் குழந்தையும், எதிரே சைக்கிளில் வருபவரும் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். நடப்பது நடந்தே தீரும், இறைவன் காப்பான், இதில் நம் சோதனைக்கு என்ன வேலை என்பது முதல் மறுப்பு. இது பணிவைப் போலத் தோன்றுகிறது. உற்றுப் பார்த்தால் பணிவுக்கு நேர் எதிர். விவிலியத்தில் இயேசுவைக் கோயில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சோதிப்பவன் சொல்கிறான். கடவுளைச் சோதிக்கக் கூடாது என்பதே அவர் தரும் விடை. காக்க வேண்டியவன் கடவுள் என்று சொல்லிக்கொண்டு குதிப்பதுதான் அங்கே கடவுளைச் சோதிப்பது. படியில் இறங்குவது அல்ல. அப்படியானால் பார்க்காத வெல்டிங்கை நம்பி, இறைவன் பெயரைச் சொல்லி வண்டியை எடுப்பவர்தான் இறைவனைச் சோதிக்கிறார். அடியில் படுத்துப் பார்ப்பவர் சோதிப்பது இரும்பை மட்டுமே. ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறள் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருப்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த வழிபாட்டில் கழுவுவதும் துடைப்பதும் முதல் செயல்கள். சேறு நீங்காத இடத்தில் விரிசல் தெரியாது என்பதால், வெல்டிங் சோதனையிலும் அதுவே முதல் செயல். கருவியைத் தெய்வமாகப் பார்ப்பது என்றால் முதலில் அதைப் பார்ப்பது என்றே நான் பொருள் கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. வில்லியம் ஜேம்ஸ் 1896இல், நம்பும் உரிமை பற்றிய தம் புகழ்பெற்ற உரையில், கிளிஃபர்டுக்கு விடை சொன்னார். சான்று தீர்ப்புச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. அங்கே காத்திருப்பதும் ஒரு முடிவுதான். மனிதர்களுக்கு இடையிலான அன்பு போன்றவை, முன்கூட்டியே நம்பினால்தான் உண்மையாகும் என்றார். நண்பனை ஒவ்வொரு நாளும் சோதிப்பவனுக்கு நண்பன் மிஞ்ச மாட்டான். இது உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த உண்மைக்கு எல்லை உண்டு. நான் நம்புவதால் நண்பன் மேலும் நல்லவன் ஆகலாம். நான் நம்புவதால் வெல்டிங் மேலும் பற்றாது. நம்பிக்கை தன் பொருளையே மாற்றவல்ல இடத்தில் ஜேம்ஸ் சொல்வது சரி. மாற்ற முடியாத இடத்தில் கிளிஃபர்ட் சொல்வது சரி. அடுத்து, சோதனை வெல்டருக்கு அவமதிப்பு என்ற எண்ணமும் தொழிலை அறியாததால் வருவது. உயர் அழுத்தக் கொதிகலன் செய்யும் இடங்களில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. தாம் வைத்த வெல்டிங்கின் அருகில் அது பொறிக்கப்படும். வேலைக்குச் சேரும்போதே அவர் வைத்த மாதிரியை வளைத்தும் முறித்தும் பார்த்துத்தான் தகுதி தருகிறார்கள். நல்ல வெல்டர் இதற்கு வருந்துவதில்லை. எவருமே பார்க்காவிட்டால் அவருடைய வேலைக்கும் அலட்சியக்காரருடைய வேலைக்கும் உலகத்தின் கண்ணில் ஒரே மதிப்புதான்.

சோதனை குற்றம் கண்டுபிடிக்க மட்டுமே என்பதும் சரியல்ல; குற்றமற்றவரைக் காப்பதும் அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,710 லிபர்டி சரக்குக் கப்பல்களை வெல்டிங் முறையில் விரைந்து கட்டியது. அவற்றில் பலவற்றின் உடலில் திடீரென்று பிளவுகள் ஓடின. சில இரண்டாகவே பிளந்தன. பழி உடனே வெல்டர்கள்மேல் விழுந்தது. அவசரத்தில் பயிற்சி பெற்றவர்கள், அவர்களில் பெண்கள் பலர், வேறு யாரைச் சொல்ல முடியும் என்ற பேச்சு எளிதாக எழக்கூடிய சூழல். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் அறிவியலாளர் உடைந்த எஃகை ஆராய்ந்தார். அந்த வகை எஃகே குளிர்ந்த நீரில் தன் இழுவைத்தன்மையை இழந்து கண்ணாடி போல நொறுங்குகிறது என்று காட்டினார். வெல்டிங் வைத்த கப்பல் ஒரே உடலாக இருந்ததால் ஓடிய பிளவு நிற்க இடமில்லாமல் போனதும் உண்மை. ஆனால் மூலக் காரணம் வெல்டரின் கை என்ற பேச்சு நிலைக்கவில்லை. நம் மரபு அறிவின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் சேர்த்தே சொல்கிறது. ஆராயாத நம்பிக்கை ஒரு திரிபு என்றால், ஆராயாத சந்தேகமும் திரிபே. இரண்டையும் நீக்குவது ஒரே மருந்து.

மூன்றாவது மறுப்பு, இதற்கு முடிவே இல்லையே என்பது. சோதிப்பவரை யார் சோதிப்பது? சாயம் சரியானதா என்று யார் பார்ப்பது? வண்டியில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்க, எல்லாவற்றையும் பார்த்தபின்தான் கிளம்புவது என்றால் எவரும் எங்கும் போக முடியாது. நியாயமான கேள்வி. என் விடை: கடமை எல்லையற்றது அல்ல, விளைவுக்கு ஏற்ற அளவுடையது. இருக்கையின் துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். ஒன்று விட்டால் தாங்க மற்றொன்று இல்லாத இடத்தில்தான் கண் நிற்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் அத்தகைய இடம். கீலண்ட் மேடை காட்டியபடி, எது முக்கியம் என்ற நம் கணிப்பே தவறலாம். அதற்கான விடையும் சோதனைக்குள்ளேயே இருக்கிறது: பளு சுமக்காத சிறு வெல்டிங்கும் பளு சுமக்கும் உறுப்பின்மேல் வைக்கப்பட்டால் அந்த உறுப்பின் பகுதிதான் என்பதை அந்த 123 உயிர்களின் விலையில் பொறியாளர்கள் கற்றார்கள். அதோடு, கண்டதை மறைக்காமல் சொல்வதும் இந்த அளவுக்குள் அடங்கும். ஃபோர்டு நிறுவனம் தன் ஜிடி ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் கைகளைப் புதிய அலுமினிய வார்ப்பு முறையில் செய்தது. அவற்றில் குறை இருக்கலாம் என்று அறிந்ததும், 2004 டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வண்டிகளைத் திரும்ப அழைத்து, நான்கு சக்கரங்களின் கைகளையும் மாற்றிக் கொடுத்தது. திரும்ப அழைத்தலை அவமானம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நேரே அறிந்ததை அறிந்தபடி சொல்வதுதான் ஆப்தனின் இலக்கணம் என்றால், அந்த நிறுவனத்தின் உரை நம்பத்தக்கதாக ஆகும் தருணம் அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் எல்லை மிஞ்சுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வெல்டிங்கின் முழு வலிமையை அறிய ஒரே வழி அதை முறிப்பது. முறித்துப் பார்த்ததில் ஓட முடியாது. ஓடுவது எதுவோ அது முறித்துப் பார்க்கப்படாதது. அதைப் போன்ற வேறொன்றை முறித்து, இதுவும் அப்படியே இருக்கும் என்று கருதுகிறோம். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்குத் தர்க்கம் உறுதி தராது என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் காட்டியதை எந்தக் கருவியும் இன்னும் கடக்கவில்லை. எக்ஸ்ரே வாயுத் துளைகளைக் காட்டும். கோணம் சரியாக அமையாவிட்டால் மெல்லிய விரிசலைத் தவறவிடும். சாயம் மேற்பரப்பு வரை வந்த விரிசலை மட்டுமே காட்டும். ஆகவே எல்லாம் பார்த்து முடித்து இன்ஜினை இயக்குகிறவரும் கடைசியில் நம்பித்தான் இயக்குகிறார். ஆனால் இந்த நம்பிக்கையும் பார்க்கச் சோம்பியவருடைய நம்பிக்கையும் பெயரால் மட்டுமே ஒன்று. ஒன்று மனித அறிவு போகக்கூடிய தூரம் போய், அதற்கு அப்பால் தன்னை ஒப்படைக்கிறது. மற்றது புறப்படவே இல்லாமல், சேர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையான சரணாகதிக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் நம் முயற்சி முடியும் எல்லையில் இருக்கிறது, தொடங்கும் முன்பு அல்ல.

நம் மொழி இதை எப்போதோ அறிந்திருக்கிறது. தேர்தல் என்றால் ஆராய்தல். தேறுதல் என்றால் சோதனையில் வெற்றி பெறுதல். அதே சொல்லுக்கு நம்புதல் என்றும் பொருள், மனம் ஆறுதல் அடைதல் என்றும் பொருள். தெளிதல் என்றால் கலங்கல் நீங்குதல். அதுவே நம்புதலும் ஆகும். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து தெளிதல் என்று பெயர். அரசன் தனக்கு வேண்டியவர்களை ஆராய்ந்து நம்புவதைப் பற்றிய அதிகாரம் அது. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகிப்பதும் இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அதன் முடிவு. சோதனையையும் நம்பிக்கையையும் எதிரெதிராக நிறுத்தும் பழக்கம் நமக்கு இருக்கலாம். நம் சொற்களுக்கு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நம்புகிறவர் சோதிக்கலாம், தம்மை நம்பி ஏறுகிறவர்கள் இருக்கும்போது சோதித்தே ஆக வேண்டும். வெல்டிங் சரிபார்த்ததாகத் தாளில் குறிக்கிறவர், பாலத்தின் ஆய்வறிக்கையில் கையெழுத்திடுகிறவர், பள்ளி வண்டிக்குத் தகுதிச் சான்று தருகிறவர், மேடையில் நின்று இதுதான் உண்மை என்று ஊருக்குச் சொல்கிறவர் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அவர்கள் பார்த்தார்கள் என்று எண்ணித்தான் மற்றவர்கள் பார்க்காமல் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிட வேண்டாம். பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.